மலைக்குச் சரிப்படுமா? வாசகர் கேள்வி-பதில்

கே: 3 யூனிட் பேட்டரி மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன். ஒரு சார்ஜுக்கு 120 கி.மீ. என்றார்கள். மேட்டுப்பாளையத்தில் முழுச் சார்ஜோடு மனைவியும் நானும் கிளம்பினோம், ஊட்டிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லநள்ளியில் நின்றுவிட்டது. இது மோசடிதானே? (ஊட்டி)

ப: இல்லை, அவசரம். அந்த 120 மேடே இல்லாத சோதனை உருளையில் எடுத்த கணக்கு. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. வண்டியும் நீங்கள் இருவரும் 250 கிலோ என்று வையுங்கள். அந்த ஏற்றத்துக்கு மட்டும் 1.3 யூனிட், மோட்டார் சூட்டில் வீணாவதையும் சேர்த்தால் 1.6. ஐம்பது கி.மீ. தூரம் உருள்வதற்கு இன்னொரு 1.25. பேட்டரியும் கடைசிச் சொட்டு வரை தராது. எல்லநள்ளி வரை வந்ததே பெரிசு! ஏற்றம் தொடங்கும் கல்லாறிலிருந்து மலைப்பாதையில் பர்லியார் வரை பின்னால் ஆள் உட்கார ஓட்டிப் பார்த்து, எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறித்திருந்தால் பணம் கட்டும் முன்பே தெரிந்திருக்கும். புடவைக்குக்கூட நாலு கடை ஏறுகிறோம்.

வண்டி இனி உங்களுடையது, அதனால் இரண்டு விஷயம். மலை இறங்கும் நாளில் 85 சதவீதத்தோடு கிளம்புங்கள். இறக்கத்தில் மோட்டார் திருப்பித் தரும் ‘ரீஜென்’ மின்சாரத்தை நிறைந்த பேட்டரி வாங்காது. மோட்டார் இழுத்துப் பிடிக்காமல் பாரம் முழுக்க பிரேக்கில் விழும், பிரேக் காயும். உறைபனி இரவில் வெளியே நின்ற வண்டியை விடிந்ததும் சார்ஜில் போடாதீர்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். வெயில் ஏறட்டும்.

கே: ஏஐ வாஷிங் மெஷினுக்கு 9,000 ரூபாய் கூடுதல். தரலாமா? (கோத்தகிரி)

ப: வேண்டாம். பிழியும் வேகம் நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்குக் குறையாமல் பாருங்கள். துணி காயாத ஜூலை மாதத்தில் அதுதான் உதவும்.

கே: ஓட்டல் ஹாலில் நடந்த கூட்டத்தில் அப்பா 7,500 ரூபாய்க்கு ‘குவாண்டம்’ பதக்கம் வாங்கி வந்தார். 5ஜி கதிர்வீச்சைத் தடுக்குமாம். பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். பில் உண்டு. (குன்னூர்)

ப: அப்பாவைத் திட்டாதீர்கள், படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். முதலில் கழற்றச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரிப் பத்துப் பொருள்களைச் சோதித்து, அவைதான் உடல் செல்களைக் கெடுக்கக்கூடிய அயனியாக்கும் கதிர்வீச்சை விடுகின்றன, அணியாதீர்கள் என்று எச்சரித்தது. 5ஜி அலையோ அயனியாக்காத வகை. பதக்கம் அதை நிஜமாகவே தடுத்தால் அப்பாவின் போனில் டவரே எடுக்காது.

தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. உறையிலிட்டு, ஆள் படுக்காத அறையில் வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். விற்றவருக்குப் பதிவுத் தபாலில் 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் அனுப்புங்கள். மசியாவிட்டால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊர்க்காரரானாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். விடாதீர்கள்.

கே: மகளுக்கு 525 மடங்கு டெலஸ்கோப் வாங்கினேன். சனி வெறும் மங்கல் புள்ளி. (கொடைக்கானல்)

ப: அதே 525ஐ நம்பி நானும் பணம் அழுதிருக்கிறேன். லென்ஸ் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதன் இரு மடங்குதான் உருப்படியான உச்சம், 60 மி.மீ.க்கு 120. குவியத் தூரம் 700ஐ 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வகுத்து, மூன்று மடங்கு பார்லோவால் (உருவத்தை இன்னும் பெரிதாக்கும் துணை லென்ஸ்) பெருக்கினால் 525. அட்டைப்பெட்டிக்கான கணக்கு அது. பார்லோவை மூடி வையுங்கள். 20 மி.மீ. ஐபீஸில் சனியைப் பிடித்து, பிறகு 12.5க்கு மாற்றுங்கள். குழாயை அரை மணி நேரம் வெளியே குளிரவிட்டு, ஸ்டாண்டு ஆடாமல் இரண்டு கிலோ மணல் பை கட்டினால் வளையம் தெரியும். 2025இல் வளையம் விளிம்புவாக்கில் திரும்பியது. இனி வருஷத்துக்கு வருஷம் அகலும். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள்.

1899இலேயே சூரியனைப் பார்க்க ஆய்வகம் வைத்த ஊர் உங்களுடையது, மகளுக்கு ஆசை வரும். ஐபீஸில் திருகும் கறுப்பு ‘சன் ஃபில்டர்’ உள்ளே இருந்தால் இன்றே உடைத்துப் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கும்போது அவள் கண் அங்கே இருக்கும்.