மாமியாரும் சங்கர பாஷ்யமும்

கேள்வி: நாங்கள் ஐயங்கார். மல்லேஸ்வரத்தில் ஒரு கீதை வகுப்புக்குப் போகிறேன். அங்கே ஆதிசங்கரரின் உரையான சங்கர பாஷ்யம்தான் சொல்கிறார்கள். "மாயாவாதம் கேட்கிறது பாவம்" என்று மாமியார் தினமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். எந்த ஆசாரியர் நூலானால் என்ன, எல்லாம் ஒன்றுதானே சார்?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: மாயாவாதம் என்பது, பிரம்மம் ஒன்றே மெய், பேதமெல்லாம் மாயை என்னும் சங்கரரின் அத்வைதத்துக்கு எதிர்த்தரப்பு வைத்த பெயர். அதைக் கேட்பது பாவம் என்றால், அந்தப் பாவத்தை உங்களுக்கு முன்னாலேயே உங்கள் ஐயங்கார் மரபின் ஆசாரியர் ராமானுஜர் செய்துவிட்டார். பிரம்மசூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தைப் பிரித்தால் முதல் சூத்திரத்திலேயே 'மகாபூர்வபக்ஷம்' என்று நீளமாக ஒரு பகுதி வரும். எதிர்க்கட்சி வாதம். அதை மட்டும் தனியே கிழித்துக் கையில் கொடுத்தால் யாரோ கெட்டிக்கார அத்வைதி எழுதியது என்றுதான் நினைப்பீர்கள். அவர் வழிவந்த வேதாந்த தேசிகர் அத்வைதத்தை மறுத்து 'சததூஷணி' எழுதியதும் அந்தப் பக்கத்து நூல்களைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான்.

சில வருஷம் முன்பு, அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில், பளிச்சென்று திருமண் இட்ட ஒரு பெரியவர் சங்கரரின் பிரம்மசூத்திர பாஷ்யத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "ஸ்வாமி, உங்களுக்கு எதுக்கு இது?" என்றேன். "எதிராளி ஆத்துல என்ன இருக்குன்னு தெரியாம வாசல்ல நின்னு கத்தச் சொல்றேளா?" என்றவர், இருபது ரூபாய் குறைத்த பிறகுதான் இடத்தை விட்டு நகர்ந்தார்.

அதற்காக மாமியாரை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். மாயாவாத பாஷ்யம் கேட்டால் சர்வநாசம் என்று வங்காளத்துக் கிருஷ்ண பக்தர் சைதன்யரே சொன்னதாக அவர் சரிதத்தில் இருக்கிறது. (அதே சைதன்யர், அத்வைத மரபுச் சந்நியாசியான ஸ்ரீதர ஸ்வாமியின் பாகவத உரையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியதும் அதே சரிதத்தில்தான். மாமியார் நல்ல மூடில் இருக்கும்போது எடுத்துவிடுங்கள்.)

எனக்கு ஒப்பாதது உங்கள் 'எல்லாம் ஒன்றுதானே'. ஒன்றுதான் என்றால் ராமானுஜர் எதற்காக அத்தனை பக்கம் எழுதினார்? கீதை 2-ஆம் அத்தியாயம், 12-ஆவது சுலோகத்தை எடுங்கள். நான் இல்லாத காலமில்லை, நீயும் இந்த ராஜாக்களும் அப்படியே, இனி நாம் எல்லாரும் இல்லாமல் போவதுமில்லை என்கிறான் கண்ணன். இந்தப் பன்மை உடம்புகளை வைத்துச் சொன்னது, ஆத்மா பல என்று அர்த்தமில்லை என்று சங்கரர் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார். ராமானுஜர் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். பேதமெல்லாம் அஞ்ஞானம் என்றால், அஞ்ஞானமே இல்லாத கண்ணனுக்கு உபதேசம் பண்ண எதிரே அர்ஜுனன் என்று ஒருவன் எப்படித் தெரிவான் என்பது அவர் கேள்வி.

இதை அடுத்த வகுப்பில் எழுந்து நின்று கேளுங்கள். அதற்கு முன் ராமானுஜரின் கீதா பாஷ்யத்தை ஒரு தடவை படித்துக்கொண்டு போங்கள். வீட்டில் எந்தப் பரணில் கிடக்கிறது என்று மாமியாருக்குத்தான் தெரியும்.