சிறுவயதில் மாதிரிக் கார்களைச் செய்தவர்கள், வளர்ந்த பிறகு மீண்டும் அதைத் தொடங்கியிருக்கிறீர்களா? அனுபவம் எப்படி?

தொடங்கியிருக்கிறேன். கீழக்கரையில் பிறந்து, இப்போதும் அங்கேயே வசிக்கும் எனக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. கடந்த நான்கு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கிட்டுகளை, அதாவது பெட்டியில் துண்டு துண்டாக வரும் மாதிரிக் கார்களை, ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சிறுவயது ஆர்வத்தை மட்டும் நம்பி விலை கொடுத்து ஒரு கிட் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் கடற்கரையில் வசிப்பவராக இருந்தால், பெட்டிக்குள் இருக்கும் செய்முறைத் தாளை முழுவதும் நம்பிவிடாதீர்கள்.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு முதல் வாகனம் நுங்கு வண்டிதான். நுங்கு எடுத்த பனங்காய்கள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு கடற்கரை வரை ஓடுவோம். அதற்கு அடுத்த படி, தேய்ந்துபோன ரப்பர் செருப்பில் சக்கரம் வெட்டுவது. சோடா மூடியைச் செருப்பின் மேல் வைத்துப் பேனாவால் வட்டம் போட்டு, பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்க வேண்டும். ஒரே மூச்சில் அழுத்தினால் மேல்பக்கம் வட்டமாகவும் அடிப்பக்கம் முட்டையாகவும் வந்து, வண்டி நொண்டும். செருப்பின் மேல்பக்கம் வெள்ளை, அடிப்பக்கம் நீலம் என்பதால், வெள்ளையை வெளிப்புறமாகத் திருப்பி மாட்டுவதா நீலத்தையா என்பதில் எங்களுக்குள் கட்சிகள் இருந்தன. அச்சுக்குச் சைக்கிள் ஸ்போக்கு, அந்த ஸ்போக்கு தடையில்லாமல் சுழல்வதற்கு மை தீர்ந்த பேனா ரீஃபில், வண்டியை இழுத்துச் செல்ல வலை பின்னும் இடத்தில் கிடந்த தங்கூசி என்னும் நைலான் இழை. ரீஃபிலுக்குள் ஸ்போக்கைச் செருகும் யோசனை யாருடையது என்று நினைவில்லை. நான்தான் என்று சொல்லிக்கொள்பவர்கள் எங்கள் வகுப்பில் மட்டும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

1996ஆம் ஆண்டு, சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மாமா விடுமுறைக்கு வந்தார். ராமநாதபுரம் ரயில் நிலையத்துக்கு வாடகை அம்பாசடரில் போய் அவரை அழைத்துவந்தோம். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்கும் வரை பொறுக்காமல், வழியிலேயே அவர் என் மடியில் வைத்தது டாமியா என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் வோக்ஸ்வேகன் பீட்டில் கிட். பெட்டியின் மூலையில் சிவப்பிலும் நீலத்திலும் இரண்டு நட்சத்திரங்கள். உள்ளே முழுக் காரும் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டும் எண்ணிட்ட பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்குவதைப் போல இருந்தது. பசை மட்டும் இல்லை. அதைத் தனியாக வாங்க வேண்டும் என்பது மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தச்சு வேலைக்கு வைத்திருந்த வெள்ளைப் பசையைப் பூசிப் பார்த்தேன். இரவு முழுதும் காயவைத்து, காலையில் தொட்டதும் எல்லாத் துண்டுகளும் தோல் உரிவதைப் போலக் கழன்றுவந்தன. கடைசியில், உப்புக் காற்றில் அரித்துப்போன கார்களுக்கு வருடம் முழுதும் தகரம் ஒட்டிப் பட்டி பார்த்துக்கொண்டிருந்த ஒரு டிங்கரிங் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பெயிண்டர் ஒரு துண்டை வளைத்துப் பார்த்துவிட்டு, "இது மரத்தப் புடிக்கிற பசை தம்பி. இந்த மாதிரி சாமான ஒட்டக் கூடாது, உருக்கணும்" என்று சொல்லி, மருந்துக் குப்பி ஒன்றில் கொஞ்சம் தின்னர் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, மெல்லிய தூரிகையின் நுனியால் இணைப்பைத் தொட்டாலே போதும். இடுக்கு அதைத் தானாக உள்ளிழுத்துக்கொள்ளும். அவர் செய்து காட்டியபோது, தின்னர் அந்தக் கோட்டின் வழியே ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். "தொட்டு வை, ஊத்திராத" என்று இரண்டு முறை சொன்னார்.

ஊற்றினேன். கூரையில் பட்டுவிட்ட விரல் அடையாளம் ஒன்றைத் துடைப்பதாக நினைத்து, துணியில் தின்னரை நனைத்துத் தேய்த்தேன். கூரை பளபளத்து, இளகி, ஒரு பக்கமாக அமிழ்ந்தது. அழிக்க நினைத்த அடையாளத்துக்குப் பக்கத்திலேயே பெருவிரல் ரேகை முழுதாகப் பதிந்துவிட்டது. அந்தக் கார் இன்றும் இருக்கிறது. ரேகையும் இருக்கிறது.

அன்று நடந்ததன் காரணம் இப்போது தெரிகிறது. இந்தக் கிட்டுகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை; மீனுக்குப் பனிக்கட்டி போடும் தெர்மகோல் பெட்டியும் அதே பாலிஸ்டைரீனை நுரை போல உப்பவைத்ததுதான். பெட்ரோலில் போட்ட தெர்மகோல் சுருங்கிக் கூழாவதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கிட்டுகளுக்கென்று விற்கப்படும் பசையும் இரு துண்டுகளின் விளிம்புகளையும் கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்து, பிறகு ஆவியாகிப் போகிறது. எனவே சரியாக ஒட்டிய இடம் ஒட்டிய இடமாக இல்லாமல் ஒரே பிளாஸ்டிக்காகிவிடுகிறது. வெள்ளைப் பசையோ தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது. ஊறி இறங்க மரத்தில் உள்ளதைப் போன்ற நுண்துளைகள் அதற்கு வேண்டும்.

மீண்டும் தொடங்கியபோது என்னைத் தோற்கடித்தது பசையன்று, காற்று. முதல் காருக்கு வண்ணம் தெளித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கருநீலம் முழுவதும் பால் தெளித்தது போல வெளுத்துக் கிடந்தது. லாக்கர் வகை வண்ணத்தில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, காயாத வண்ணத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் நான் தெளிப்பானைத் தொடுவதே இல்லை. உப்புத்தாள் தேய்ப்பு, சட்டத்திலிருந்து துண்டுகளை நறுக்குவது போன்ற வேலைகளை அந்த மாதங்களுக்கு வைத்துக்கொள்கிறேன். மற்ற மாதங்களிலும் ஈரம் குறைந்திருக்கும் நண்பகலை ஒட்டித்தான் தெளிப்பது, அதுவும் சன்னல்களைத் திறந்துவைத்து. வெளுத்துப்போனதை மீட்க, நல்ல வெயில் நாளில் மெதுவாக ஆவியாகும் தின்னரை மிக மெல்லியதாக மேலே தெளித்தால் போதும். பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும்.

கண்ணாடித் துண்டுகளை உடனடிப் பசையால் ஒட்டியதும் இதே போன்ற தவறு. அந்தப் பசையின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து, கண்ணாடியின் மேல் வெண்புகையாகப் படிந்துவிட்டது. அதற்குச் சரியான பசை எது என்று தேடிப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது: 1996இல் நான் திட்டித் தீர்த்த அதே வெள்ளைப் பசை. காய்ந்தால் கண்ணாடி போலத் தெளிவாகிவிடும், புகையும் படியாது, கண்ணாடித் துண்டு பெரிய விசை எதையும் தாங்க வேண்டியதும் இல்லை.

அளவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜப்பானியக் கார் கிட்டுகளில் பரவலாக இருப்பது நிஜக் காரின் 24இல் 1 பங்கு, அதாவது ஓர் அடிக்கு அரை அங்குலம். அமெரிக்கக் கிட்டுகளில் 25இல் 1 பங்கு பழக்கம். அலமாரியில் இரண்டையும் சேர்த்து வைத்தால் பெரிதாகக் கண்ணை உறுத்தாது. தொடங்குபவருக்கு 24 போதும்.

இப்போது மேசையில் இருப்பது கிட் அன்று. எனக்குத் தெரிந்த கார் என்றால் அது அம்பாசடர். அதற்கு இந்த அளவில் ஒரு கிட் என் கைக்கு இதுவரை எட்டவில்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் பிரிட்டிஷ் காரின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரிக்கப்பட்ட அந்தக் காரின் நீளம் சுமார் 4.3 மீட்டர், 24ஆல் வகுத்தால் 18 சென்டிமீட்டர். படகு கட்டும் ஓடாவி ஒருவர் கொடுத்த தேக்குத் துண்டில் அதைச் செதுக்கினேன். டாமியா நிறுவனமே 1946இல் ஷிசுவோகாவில் மர வியாபாரமாகத் தொடங்கி, மரத்தாலான மாதிரிகளை விற்று, 1960இல்தான் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு வந்தது என்று படித்தது எனக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது. மரத்தைக் குடையாததால் கண்ணாடிகளுக்குக் கறுப்பு வண்ணம்தான்.

துருவில்தான் அதிக நாள் செலவழித்தேன். பழைய கார் என்று காட்டுவதற்காக உடல் முழுதும் காவி நிறத்தைத் தெளித்துவிடுகிறவர்களை இணையத்தில் நிறையப் பார்க்கிறேன். கடற்கரையில் எந்தக் காரும் அப்படித் துருப்பிடிப்பதில்லை. கதவின் கீழ் மடிப்பில் தண்ணீர் தேங்கும் இடத்தில் உள்ளிருந்து தொடங்கும். முதலில் வண்ணம் அம்மைக் கொப்புளம் போல எழும்பும், பிறகு அது உடைந்து காவி ஒழுகும், அதன் பிறகே ஓட்டை. சக்கர வளைவின் விளிம்பு அடுத்தது. கூரை கடைசி வரை நன்றாகவே இருக்கும். பட்டறையில் நின்று பார்த்த அந்த வரிசையைத்தான் அப்படியே பின்பற்றினேன். துரு நிறத்தை முதலில் பூசி, ஈரப்படுத்தி, உப்பைத் தூவி, மேலே கார் நிறத்தைத் தெளித்து, காய்ந்ததும் உப்பைக் கழுவிவிட்டால் அந்த இடம் மட்டும் உரிந்தது போலத் தெரியும். உப்புக்கு நமக்கா பஞ்சம்? வாலிநோக்கத்தில் உப்பளமே இருக்கிறது. ஆனால் கல்லுப்பை அப்படியே தூவக் கூடாது. 1 மில்லிமீட்டர்ப் பரல் இந்த அளவில் 2.4 சென்டிமீட்டர்ப் பொத்தலாகிவிடும். அம்மியில் அரைத்துத் துணியில் சலித்துக்கொண்டேன்.

போன மாதம் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கைப்பிடி வச்சிருக்கியே, அன்னிக்கு என்னக் கூட்டிட்டு வந்த வாடக வண்டில பின்கதவுக்குக் கைப்பிடி ஏது? கயித்தப் புடிச்சு இழுத்தாத்தானே கதவு தொறக்கும்" என்றார். செம்புக் கம்பியை வளைத்து அந்தக் கைப்பிடியைச் செய்ய எனக்கு ஒரு ஞாயிறு முழுதும் ஆகியிருந்தது. அன்று இரவே அதைப் பிளேடால் சீவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தங்கூசியில் ஓர் இழையை முடிச்சுப் போட்டுச் செருகினேன். 24இல் 1 பங்குக்கு அது கொஞ்சம் தடிமன்தான்.