கம்பி நட்டு கரண்ட் விட்டால் கிணற்றுக் குரோமியம் போய்விடுமா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது, குரோமியம் என்கிறார்கள். நிலத்தில் எட்டுக் கம்பி இறக்கி கரண்ட் விட்டால் மூன்று மாதத்தில் சுத்தமாகிவிடும் என்று ஒருவர் நான்கு லட்சம் கேட்கிறார், பாதி அட்வான்ஸாம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்.

அவர் சொல்வது முழுப் பொய்யாக இருந்தால் நீங்களே விரட்டியிருப்பீர்கள், பாதி உண்மையாக இருப்பதுதான் தொல்லை. ஈரமான மண்ணில் இரண்டு கம்பிகளை இறக்கி டிசி மின்சாரம் செலுத்தினால், கரைந்திருக்கும் உலோக உப்பு மெதுவாக ஏதோ ஒரு கம்பியை நோக்கி நகரும். இறைத்தாலும் அழுக்கை விடாத களிமண்ணுக்கு இது நல்ல வழிதான். அமெரிக்காவில் படூக்கா என்ற ஊரில் 1990-களில் களிமண்ணில் ஊறிய ஒரு ரசாயனத்தை இப்படி நகர்த்தி, வழியிலேயே இரும்புத்தூளில் சிதைத்துக் காட்டினார்கள்.

ஆனால் வேகத்தைப் பாருங்கள். சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் வீதம் கொடுத்தால் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும், அதனால் ஓரிரு மீட்டருக்கு ஒரு கம்பி வேண்டும். ஒன்றரை ஏக்கருக்கு எட்டுக் கம்பி எந்த மூலைக்கு? அதோடு உங்கள் பக்கத்தில் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தண்ணீர் பெரும்பாலும் பாறை வெடிப்பு வழியாக வருகிறது, அந்த ஓட்டத்தை இந்தக் கரண்ட் பிடித்து நிறுத்தாது. அங்கே மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். 1990-களில் ஆலை மூடியதிலிருந்து ஆய்வு, கமிட்டி, மறுபடி ஆய்வு என்று வருடங்கள்தான் ஓடின. அதை அப்படியே விட்டுவிட்டு உங்கள் வயலை மட்டும் சுத்தம் செய்து என்ன பயன்?

ஆளைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: மஞ்சள் எந்தக் கம்பிக்குப் போகும்? உலோகமெல்லாம் நெகட்டிவ் கம்பிக்குப் போகும் என்றுதான் இவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். பொதுவாக அது சரி, ஈயமும் காட்மியமும் அப்படித்தான் போகும். உங்கள் மஞ்சளுக்குக் காரணமான ஆறு இணைதிற குரோமியம், அதாவது தண்ணீரில் கரைந்து ஓடும் விஷ வகை, விதிவிலக்கு. அது ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட்டாக, எதிர்மின்சுமையோடு இருப்பதால் பாசிட்டிவ் கம்பிக்குப் போகும். தோல் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறக் குரோமியமோ கரைந்திருந்தால் நெகட்டிவ் பக்கம் போகும், ஆனால் அது பெரும்பாலும் மண்ணில் படிந்து அசையாமல் கிடக்கும். எது இருக்கிறது என்று பார்க்காமலே நெகட்டிவ் கம்பிப் பக்கம் சேர்வதை எடுப்பேன் என்பவர், உங்கள் விஷத்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டுப் போவார். அப்புறம், கரண்ட் குரோமியத்தை அழிப்பதில்லை, இடம்தான் மாற்றுகிறது. கம்பிப் பக்கம் சேரும் நீரை இறைத்து, சுத்திகரித்து, மிஞ்சும் கசடை முறைப்படி எங்கே கொடுப்பார் என்று கேளுங்கள், பேச்சு மாறும்.

மோட்டார் லைனிலிருந்தே ஒயர் இழுத்துக் கம்பியில் கட்டுவேன் என்றால் ஆளை வயலுக்குள்ளேயே விடாதீர்கள். அது ஏசி, உப்பை முன்னும் பின்னும் ஆட்டுமே தவிர எங்கேயும் கொண்டுபோகாது, ஈர மண்ணில் மாடோ மனிதரோ கால் வைத்தால் உயிர் போகும். இலவச விவசாய மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுத்ததாக வழக்கும் உங்கள் பேரில்தான் வரும்.

இப்போது செய்ய வேண்டியது பரிசோதனை. மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறக் குரோமியம், டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்பு) மூன்றும் பாருங்கள். ஆறு இணைதிறத்துக்கான பாட்டிலில் அமிலம் ஊற்றக் கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் லேப்பில் சேர்த்துவிடுங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறதென்றால் அதைப் பல மடங்கு தாண்டியிருக்க வாய்ப்புண்டு, எனவே ரிப்போர்ட் வரும்வரை குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கொதிக்க வைத்தால் குரோமியம் போகாது, தண்ணீர்தான் வற்றும்.

சுத்தம் செய்யும் செலவு உங்களுடையதே இல்லை. கெடுத்தவர்தான் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல், அதுவும் வேலூர் தோல் ஆலைகள் வழக்கிலேயே சொல்லிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு விவசாயி தன் கைக்காசில் கம்பி நடலாமா என்று கேட்கிற நிலையில் வைத்திருக்கிறார்கள், அதை என்ன சொல்ல. ரிப்போர்ட்டோடு திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள், பக்கத்து நிலத்துக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், மனு எண் போட்ட ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.