எல்லாம் கைவிட்டுப் போனபின்பு 'தேவனுடைய பெரிய திட்டம்' என்பதை எப்படி நம்புவது?

வேலை போய்விட்டது, அப்பா படுத்த படுக்கை, சபையில் பார்க்கிறவர்கள் எல்லாம், தேவன் நம்மைக் குறித்து நல்ல நினைவுகளையே வைத்திருக்கிறார் என்கிற எரேமியா 29:11 வேத வசனத்தையே சொல்கிறார்கள், மனதில் ஒட்டவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். என் தம்பிக்குச் சிறுநீரகம் செயலிழந்திருந்தபோது, டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருடத்துக்கென்று அம்மா எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில் வந்ததும் அதே வசனம்தான். அட்டையை டயாலிசிஸ் ஃபைலுக்குள்ளேயே செருகி வைத்திருந்தார்கள். அடுத்த ஆகஸ்டில் தம்பி போய்விட்டான்.

அதற்கப்புறம் அந்த அதிகாரத்தை முழுதாகப் படித்தேன். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் ஆலயத்தில் எல்லார் முன்பாகவும், இரண்டே வருடத்தில் அவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியா எழுதுவதோ 70 வருடம். நமக்குப் பிரியமான பதினோராம் வசனம், அந்த 70 வருடத்தைச் சொல்லும் பத்தாம் வசனத்தை ஒட்டியே வருகிறது. கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் பாபிலோன் மண்ணிலேயே அடக்கமாகியிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்' என்று கர்த்தர் சொன்னார்.

அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணி வையுங்கள், உங்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிற அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபியுங்கள் என்கிறது கடிதம். நான் புரிந்துகொண்ட விசுவாசம் இதுதான். என் ஆயுசுக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று தேவன் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அவர் தொடங்கிய வேலை என் ஆயுசோடு நின்றுபோகிற வேலையும் இல்லை. சிலுவை நடந்த அந்த வெள்ளிக்கிழமை சீஷர்கள் கண்ணுக்கு எந்தத் திட்டமும் தெரிந்திருக்காது. மூன்றாம் நாள் கல்லறை காலியாக இருந்தது. தம்பியை அந்த நம்பிக்கையில்தான் அடக்கம் பண்ணினோம்.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பாது. நடந்த கேடு இன்ன காரணத்துக்காகத்தான் என்று பக்கத்தில் நிற்பவர் கணக்குச் சொல்வது. டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருடம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்காக ஜெபித்தார். அதற்காகத்தான் விழ வைத்தார் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? வேதத்தில் வரும் யோசேப்பும், தன்னைக் குழியில் போட்டு விற்றுவிட்ட சகோதரர்கள் செய்ததைத் தீமை என்றுதான் சொன்னான். தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்றான். அதையும் அவன்தான் சொன்னான், வருடங்கள் கழித்து. குழியில் கிடந்தபோது மேலே நின்று யாரும் அவனுக்கு அதைப் பிரசங்கிக்கவில்லை.

ஆகவே இப்போது ஒட்டாத வசனத்தை வலிந்து ஒட்டவைக்க வேண்டாம். 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று கர்த்தரிடம் நேராகவே கேட்கிற ஜெபம் அது, சின்னதுதான். வேலைக்கு விண்ணப்பம் போடுவதை விட்டுவிடாதீர்கள். அப்புறம், சபையில் ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம், "ஒரு ராத்திரி அப்பாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா? நான் கொஞ்சம் தூங்க வேண்டும்" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். தம்பியோடு வார்டில் தங்க ஒரு அண்ணன் லுங்கியும் ஃபிளாஸ்க்குமாக வந்துகொண்டிருந்தார். நாங்கள் கேட்டோம், அதனால் வந்தார்.