கிறிஸ்தவர்கள் நம்பிக்கையற்றவர்களைவிட ஒழுக்கமானவர்களா?

நான் கத்தோலிக்கன், ஞாயிறு பூசையைத் தவறவிடாதவன். இருந்தும் என் பதில் 'இல்லை' என்பதுதான்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் உண்டு. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பெரியப்பாவைச் சுவருக்கு இந்தப் பக்கம் அடக்கம் செய்தோம். அடுத்த மாதமே என்னோடு படித்த நண்பனின் பாட்டி இறந்தபோது, அதே மணி அடித்து, அதே சாமியார் அதே செபத்தைச் சொல்லி, சவப்பெட்டியை வேறு வாசல் வழியாக அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். அவர்கள் தலித் கிறிஸ்தவர்கள், அவ்வளவுதான் காரணம். எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை இது, திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவரைப் பற்றிப் பலருக்கும் தெரியும். சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் 1833லேயே கண்டிப்பாக உத்தரவு போட்டார், சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டே போனவர்கள் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் இருந்தார்கள்.

அந்த வயதில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் என் பாவங்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டே வரிசையில் நிற்பேன். பொய் சொன்னது, அம்மாவை எதிர்த்துப் பேசியது, கடையில் மிச்சக் காசை எடுத்துக்கொண்டது, எல்லாம் வரும். அந்தச் சுவர் ஒருநாளும் வந்ததில்லை. நம்பிக்கை என் மனசாட்சியைக் கூர்மையாக்கியது உண்மை, அதை நான் மறுக்க மாட்டேன், ஆனால் சுற்றியிருந்தவர்கள் எதைப் பாவம் என்றார்களோ அதில் மட்டும்தான்.

அப்புறம், நம்பிக்கையால் நல்லது நடப்பதே இல்லையா என்று கேட்டால், நிச்சயம் நடக்கிறது. மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் சிரியன் கிறிஸ்தவர், ஒரு சாதியில் பிறந்தவர்களையே குற்றவாளிகளாகப் பார்த்த பிரிட்டிஷாரின் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சிக்கிய பிரமலைக் கள்ளர்களுக்காக வாதாடியவர், அந்த மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினார்கள். 1924இல் கேரளத்தின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கலாம் என்று போராட்டம் வந்தபோது அவர் முன்னால் நின்றார். இது இந்துக்கள் தீர்த்துக்கொள்ள வேண்டியது, நீங்கள் ஒதுங்கியிருங்கள் என்று காந்தி எழுதினார். ஜோசப்போ அந்தப் போராட்டத்துக்காகச் சிறைக்குப் போனார். அதே போராட்டத்துக்கு அடுத்து வந்து அதே ஆண்டில் இரண்டு முறை சிறை சென்றவர் பெரியார், பிற்பாடு கடவுளே இல்லை என்று ஊர் ஊராகப் பேசியவர். இந்த இரண்டு பேரில் யார் ஒழுக்கத்தில் உசத்தி என்று எந்தத் தராசில் வைத்து நிறுப்பீர்கள்? அந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவனுக்கு இரண்டு பேருமே வேண்டியவர்கள்தான்.

போன கல்லறைத் திருநாளுக்கு, நவம்பர் 2ஆம் தேதி, பெரியப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெளியே வந்து, சுற்றிக்கொண்டு போய் அந்த இன்னொரு வாசல் வழியாக உள்ளே நுழைந்தேன். நண்பனின் பாட்டி கல்லறையைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. நாற்பது வயது தாண்டி முதன்முறையாக அந்தப் பக்கம் நிற்கிறேன். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த சித்தப்பா, "அங்க உனக்கு யாருடா இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டார். பாட்டி இருக்காங்க என்று சொன்னேன்.