நிறுவன முடிவுகளில் ஏஐ: ஆராய்ச்சி எந்தப் பக்கம் நகர்கிறது?

நிறுவனங்கள் முடிவெடுக்க ஏஐயைப் பயன்படுத்துவது பற்றி இன்று எதை ஆராய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த ஆராய்ச்சியின் வேர் பழையது. மனிதருக்கு நேரமும் தகவலும் கணக்கிடும் திறனும் குறைவு, அதனால் ‘போதும்’ என்று தோன்றும் முடிவோடு நின்றுவிடுகிறார் என்று 1950களிலேயே ஹெர்பர்ட் சைமன் விளக்கினார். 1978இல் பொருளாதார நோபல் பெற்ற அவர் ஏஐ துறையின் முன்னோடியும்கூட. அடுத்து, வல்லுநரின் அறிவை விதிகளாக எழுதிவைத்த கணினி நிரல்கள் (வல்லுநர் அமைப்புகள்) வந்தன. அப்புறம் தரவிலிருந்து தானே கற்கும் முறைகள்.

இன்று எனக்கு மிக முக்கியமாகப் படுவது, மனிதரும் இயந்திரமும் சேர்ந்து முடிவெடுப்பது பற்றிய ஆய்வு. அல்காரிதம் (கணினி படிப்படியாகக் கணக்கிட்டு விடை தரும் முறை) ஒருமுறை தவறுவதைப் பார்த்துவிட்டால், அது மனிதரைவிடத் துல்லியமாக இருந்தாலும் பலர் அதைக் கைவிடுகிறார்கள் என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. 2019இல் வந்த இன்னொன்றில் மக்கள் மனித ஆலோசனையைவிட அல்காரிதம் சொன்னதற்கே அதிக மதிப்புக் கொடுத்தார்கள். இரண்டுமே உண்மை; சூழல்தான் வேறு.

2024இல் 106 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்தது என்னை யோசிக்க வைத்தது. மனிதர், ஏஐ இரண்டில் தனியாகச் சிறந்தது எதுவோ, அதைவிடக் கூட்டணி சராசரியாகப் பின்தங்கியது. குறிப்பாக முடிவெடுக்கும் வேலைகளில்தான் சரிவு. மனிதர் ஏற்கனவே ஏஐயைவிடத் திறமையாக இருந்த இடங்களில் கூட்டணி பலன் தந்தது.

ஏஐ ஒருதலைச் சார்பாக நடக்கிறதா, தன் முடிவுக்குக் காரணம் விளக்க முடிகிறதா, தவறினால் பொறுப்பு யாருடையது என்பவையும் பெரிய கிளைகள். ஆட்சேர்ப்பு ஏஐயை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 சட்டம் அதிக ஆபத்துள்ள வகையில் வைத்து, மனிதக் கண்காணிப்பைக் கட்டாயமாக்குகிறது. ஆய்வுத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், அந்தக் கண்காணிப்பு நடைமுறையில் தவறுகளைப் பிடிக்கிறதா என்பதை எடுங்கள்.