அகல டயர் வாங்கும் முன் ரிம்மை அளந்துவிடுங்கள்

கேள்வி: வணக்கம் சார். என்னுடையது 1,200 கிலோ எடையுள்ள முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக். கம்பெனி ரிம், 17 அங்குலம், அகலம் 7 அங்குலம். டயர் 205/45 ஆர்17 (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்). இரண்டு டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) ஓட்டிவிட்டேன். கார்னரில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டே போகிறது, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. 235/40 ஆர்17 போடலாமா? உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ரிம் மாற்ற வேண்டாம் என்று நினைக்கிறேன். சைடுவால் (பக்கச்சுவர்) கெட்டியான டயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் உயரக் கணக்கு சரி. 205-இல் 45 சதவீதம் 92 மி.மீ., 235-இல் 40 சதவீதம் 94 மி.மீ., மொத்த விட்டம் 616-க்குப் பதில் 620 வரும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் ரிம் அகலம் 7 அங்குலம், அதாவது 178 மி.மீ. 235/40 ஆர்17 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 8 முதல் 9.5 அங்குலம் வரை. அதனால் இந்த ரிம்மில் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் ரிம் திரும்புகிறது, அப்புறம் சைடுவால் வளைகிறது, அதற்கும் பிறகுதான் தரையைப் பிடித்திருக்கும் ரப்பர் காரை இழுக்கத் தொடங்குகிறது. நீங்கள் சொன்ன அந்த ‘யோசனை’ நடப்பது இந்த நடுக்கட்டத்தில்தான். அகல டயரைக் குறுகிய ரிம்மில் திணித்தால் இரண்டு பக்கச்சுவரும் பானை வயிறு மாதிரி பிதுங்கி நிற்கும். பக்கவாட்டில் விசை வந்ததும் ரிம்மின் மேல் அப்படியே சாய்ந்துகொடுக்கும், ட்ரெட்டின் (தரையைத் தொடும் ரப்பர் பகுதியின்) வெளி ஓரம் மட்டும் தேயும். அதே டயரை 8.5 அங்குல ரிம்மில் போட்டால் சுவர் நேராக நிற்கும், ஸ்டீயரிங் உடனே பதில் சொல்லும். டயர் ஒன்றுதான், காம்பவுண்டும் (ரப்பர் கலவையும்) ஒன்றுதான், ஆனால் இரண்டு வேறு டயர் போல இருக்கும். நானே ஒரு சீசன் முழுக்க அகல டயரைக் குறுகிய ரிம்மில் ஓட்டிவிட்டு, சஸ்பென்ஷனில் கோளாறு என்று நினைத்து அதையே பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சைடுவால் கெட்டி என்று நாம் சொல்வதில் பாதியை ரிம்மும் காற்றழுத்தமும்தான் தருகின்றன. மீதிப் பாதிக்குத்தான் டயர் கம்பெனி பொறுப்பு.

சரி, அகலம் எதற்கு? அகல டயர் என்றால் தரையில் படும் பரப்பு அதே அளவுக்குக் கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது சக்கரத்தின் மேல் இருக்கும் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். அகலம் கூடும்போது அந்தப் பரப்பின் வடிவம் மாறுகிறது, நீளம் குறைந்து குறுக்கே விரிகிறது. தரையில் படும் அந்தப் பரப்பு நீளமாக இருந்தால், கார்னரில் அதன் முன்பகுதி இன்னும் முழுப் பாரம் எடுக்காமல் இருக்கும்போதே பின்பகுதி வழுக்கத் தொடங்கிவிடும். குட்டையாக இருந்தால் மொத்த ரப்பரும் சேர்ந்து வேலை செய்யும். அப்புறம் சூடு. ஒவ்வொரு சுற்றிலும் அதிக ரப்பர் தரையைத் தொட்டுவிட்டு ஆறுகிறது, அதனால் நான்காவது லேப்பில் முன்டயர் வழுவழுத்துப் போவது தள்ளிப்போகும். உங்களைப் போன்ற முன்சக்கர டிரைவ் காரில் திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாமே முன்டயர் தலையில்தான் விழுகிறது, அதனால் இந்தச் சூட்டு விஷயம் உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். பார்முலா 1-இல் 2017-ல் முன்டயரை 245-லிருந்து 305 மி.மீ.க்கும் பின்டயரை 325-லிருந்து 405 மி.மீ.க்கும் அகலமாக்கினார்கள், அதே ஆண்டு ஏரோ (காற்றோட்ட வடிவமைப்பு) விதிகளும் மாறின, கார்னர் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி ஏறியது. அகலத்துக்கு விலையும் உண்டு: எடை கூடும், நேர்பாதையில் காற்றின் எதிர்ப்பு கூடும்.

ஆனால் டயர் வாங்குவதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். உங்கள் முன்டயரின் வெளி ஓரம், உள் ஓரத்தைவிட வேகமாகத் தேய்ந்திருக்கிறதா? தேய்ந்திருந்தால் உங்கள் பிரச்சினை அகலம் இல்லை, கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம். கார்னரில் உடல் சாயும்போது ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) வகை சஸ்பென்ஷனில் டயர் வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஓரத்தில் நிற்கிறது. முன்சக்கரங்களுக்கு மைனஸ் 2 முதல் 3 டிகிரி வரை கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாயும்படி) கொடுத்தால் 205-லேயே நீங்கள் கேட்கும் கிரிப்பில் பெரும்பகுதி வந்துவிடும். சுண்ணக்கட்டியால் ஷோல்டரிலிருந்து (ட்ரெட் முடிந்து சைடுவால் தொடங்கும் ஓரத்திலிருந்து) சைடுவால் வரை குறுக்கே கோடு போட்டுவிட்டு நாலு லேப் ஓட்டிப் பாருங்கள். கோடு சைடுவால் பக்கம் அதிகமாக அழிந்திருந்தால் டயர் மடிகிறது என்று அர்த்தம். பல டயர்களில் ஷோல்டருக்கு அருகே ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும், தேய்மானம் அதைத் தாண்டிப் போகக்கூடாது.

இதெல்லாம் செய்த பிறகும் அகலம் வேண்டும் என்றால், 8 அல்லது 8.5 அங்குல ரிம், சரியான ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்ற அளவு), அதில் 235/40. ஃபெண்டரிலும் ஸ்ட்ரட்டிலும் உரசாமல் இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரிம்முக்குச் செலவு செய்ய முடியாது என்றால் 205-லேயே இருங்கள், காம்பவுண்டை மட்டும் ஏற்றுங்கள். ட்ரெட்வேர் எண் (தேய்மான மதிப்பு, பொதுவாகக் குறைந்தால் ரப்பர் மென்மை) 200 சுற்றி வரும் டயர் ஒன்றைச் சரியான ரிம்மில் போட்டால், குறுகிய ரிம்மில் பிதுங்கி நிற்கும் 235 சாலை டயரை நிச்சயம் முந்தும்.

சைடுவால் கேள்விக்கு வருகிறேன். டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. சைடுவாலில் எத்தனை அடுக்கு, என்ன பொருள் என்று ஒரு வரி இருக்கும், ஒரு அடுக்கா இரண்டு அடுக்கா பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், உள்ளே பீடுக்கு (ரிம்மைப் பிடித்திருக்கும் டயர் விளிம்புக்கு) மேலே வைத்திருக்கும் கெட்டி ரப்பரின் உயரம் வெளியே தெரியாது. டயரில் எக்ஸ்.எல். என்று எழுதியிருந்தால் கூடுதல் காற்றழுத்தத்தில் கூடுதல் எடை தாங்கும் என்று மட்டும்தான் பொருள், விறைப்புக்கு உத்தரவாதம் இல்லை. ரன்-பிளாட்டின் (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயரின்) சுவர் விறைப்பானதுதான், ஆனால் கனம், அதனால் டிராக்குக்கு நான் சொல்லமாட்டேன். இன்னொன்று, புது டயரின் ட்ரெட் 8 மி.மீ. ஆழம் இருக்கும்போது ரப்பர் கட்டிகளே தனித்தனியாக நெளியும். பலர் அதைச் சைடுவால் பலவீனம் என்று நினைத்துக் குறை சொல்கிறார்கள். பாதி தேய்ந்ததும் அதே டயர் கூர்மையாகிவிடும்.

உங்களுக்கு இது மூன்றாவது டிராக் டே என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். மிக விறைப்பான டயர் பிடிக்கும் வரை பிடித்துவிட்டு, சட்டென்று விடும். கொஞ்சம் இளகிய சுவர் வழுக்கப்போவதை முன்கூட்டியே கையில் சொல்லும். இப்போதைக்கு உங்களுக்கு அந்த எச்சரிக்கை தேவை.

கேள்வி: காற்றை 42 பி.எஸ்.ஐ. ஏற்றிவிட்டால் சைடுவால் விறைத்துவிடும் என்கிறார்களே?

பதில்: விறைக்கும். ஆனால் நடு ட்ரெட் உப்பி, தரையில் படும் பரப்பு சுருங்கும். அதுவும் குளிர்ந்த டயரில் 42 என்றால் ஓடிய பிறகு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள், டயர் 5.5 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 1 பி.எஸ்.ஐ. கூடும். வேகமாக ஓட்டினால் 6 முதல் 10 வரை ஏறுவது சாதாரணம். ஆகவே குளிரில் 28 போல ஆரம்பியுங்கள், நாலைந்து லேப் ஓட்டிவிட்டு உள்ளே வந்த உடனே, ஆறுவதற்குள், அளந்து நான்கு டயரிலும் சமன் செய்யுங்கள். சாலையிலும் ஓடக்கூடிய டிராக் டயர்களில் சூடான நிலையில் 32 முதல் 38-க்குள் எங்கோ உங்கள் எண் இருக்கும், சுண்ணக்கட்டிக் கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். வீட்டுக்குக் கிளம்பும் முன், டயர் ஆறியதும், கார் கதவில் ஒட்டியிருக்கும் அளவுக்கு மறுபடி காற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். டிராக்குக்காகக் காற்றைக் குறைத்துவிட்டு, அதே நிலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகாதீர்கள்.

கேள்வி: 900 கிலோ கார், எஞ்சின் சிறியது, ரிம் 15-க்கு 7. 225/45 நல்லதா, 205/50 நல்லதா?

பதில்: 205/50. உங்கள் எடைக்கு 225 சூடேறவே நேரம் பிடிக்கும், சூடேறாத ரப்பர் பிடிக்காது. கார்னரில் அது மிச்சப்படுத்தும் நேரத்தைச் சிறிய எஞ்சின் நேர்பாதையில் விட்டுவிடும். ரிம்மை 8-க்கு மாற்றி, எஞ்சினிலும் வேலை செய்த பிறகு மறுபடி எழுதுங்கள், அப்போது 225 பற்றிப் பேசலாம்.